வெறுங்கதிரைக்கு முன்னால் ஒரு கற்கோப்பை

பிள்ளைகள்,

போன டிசெம்பரில், நத்தார் அன்று நான் மேசையில் அடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மகள் செய்ததில் பிழை ஒன்றும் இல்லை. அண்ணன் பேர்கனில் இருந்து வருகிற விமானம் பனியால் பிந்துகிறது என்றதும், அவன் வழமையாக இருக்கிற கதிரைக்கு முன்னால் ஒரு தட்டு வைத்தாள். சோறும் இறைச்சிக் கறியும் போட்டாள். பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தி, அவனுக்கு அனுப்பவென்று தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கப் போனாள். நான் எழும்பிப் போய்த் திரியை ஊதி அணைத்தேன். தட்டை அப்படியே குசினிக்குக் கொண்டுபோய்ச் சட்டிக்குள் திருப்பிக் கொட்டினேன். "அப்பாவுக்கு என்ன விசரோ?" என்று மகள் அழுதாள். இரண்டு மணித்தியாலம் பிந்தி அண்ணன் வந்து, கதையைக் கேட்டுச் சிரித்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவவுக்குக் காரணம் தெரியும்.

அதை நீங்களும் தெரிந்திருக்க வேண்டும். வாயால் சொல்லத் தொடங்கினால் நான் பாதியில் எழும்பித் தேத்தண்ணீர் போடப் போய்விடுவேன். எனக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை, பேக்கரியில் மாவோடு நிற்கிறவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

நீங்கள் ஜேர்மன் மாமா என்று கூப்பிடுகிறவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் எங்கள் கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருந்தவர். நாங்கள் நாலாம் மாடி. நோர்வேக்கு வரமுதல் அவர் ஜேர்மனியின் தென்பக்கத்தில் ஒரு கிராமத்து அகதி விடுதியில் நாலு வருடம் இருந்தார். அந்த மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று அவருடைய பத்திரத்தில் எழுதியிருந்ததாம். எல்லைக்குள்ளே மாடுகளும் ஒரு தேவாலயமும் ஒரு குடும்பம் நடத்துகிற சின்னப் பியர் ஆலையும்தான் இருந்தன. வேலை செய்ய அனுமதி கிடைத்த கிழமையே அந்த ஆலையில் போத்தல் கழுவப் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் போத்தல்களுக்குத் தகர மூடி இல்லை. வெள்ளைப் பீங்கான் அடைப்பு ஒன்று, அதில் ஒரு சிவப்பு இறப்பர் வளையம், இறுக்கிப் பிடிக்க ஒரு கம்பி. குடித்து முடித்த போத்தல் ஆலைக்குத் திரும்பி வரும். கழுவி, பழைய வளையத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடவேண்டும். மாமா மூன்று வருடம் அந்த வளையம்தான் மாற்றினார். வளையம் வெடித்திருந்தால் உள்ளே இருக்கிற காற்று மெல்ல மெல்லப் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் போத்தல் செத்த போத்தல் என்பார்.

மாமியைக் கலியாணம் செய்து ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு ஓகஸ்டும் கார் ஓட்டிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போவார். சுங்கத்தில் காட்டி, கட்டவேண்டியதைக் கட்டி, ஒரு பெட்டி பியரோடு திரும்பி வருவார். எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் களஞ்சிய அறையில் அந்தப் பெட்டி இருக்கும். குளிரூட்டிக்குள் வைக்க விடமாட்டார். "குளிரிலை நாக்குச் செத்துப்போம். பிறகு நீ குடிக்கிறது பியரோ பைப் தண்ணியோ எண்டு உனக்கே தெரியாது" என்பார்.

அவர் எனக்கு முதல்முதல் ஊற்றித் தந்த நாளைச் சொல்லவேண்டும். அதுவரைக்கும் நான் குடித்தது இங்கே கடையில் விற்கிற தகரப் பேணிப் பியர்தான். ஐஸ் மாதிரிக் குளிர்ந்து, கசந்து, வயிற்றை ஊதவைக்கும். அதில் எனக்கு ஆசை வந்ததே இல்லை. மாமா கற்கோப்பை இரண்டைப் பச்சைத் தண்ணீரில் அலசினார், துடைக்கவில்லை. போத்தலை மேசையில் வைத்து, கையைத் தூக்கி என்னை வாயைப் பொத்தச் சொன்னார். கம்பியைப் பெருவிரலால் தள்ளினார். "ப்ளொக்" என்று ஒரு சத்தம். நல்ல தாழ்ந்த சத்தம். அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டியே? உயிரோடை இருக்கு."

கோப்பையைச் சரித்து ஊற்றினார். தேன் நிறம், கொஞ்சம் கலங்கல். மேலே நுரை, வெள்ளையும் இல்லை, பழுப்பும் இல்லை. போத்தலின் அடியில் ஒரு விரல் அளவு விட்டு நிறுத்தினார். அந்த மிச்சத்தைப் போத்தலோடு மெல்லச் சுழற்றி, அடியில் படிந்திருந்த ஈஸ்டைக் கலக்கி எழுப்பி, நுரையின் நடுவில் ஊற்றினார். அந்த மணம் வந்ததும் நான் திகைத்துப் போனேன். விடியற்காலை பேக்கரிக் கதவைத் திறக்கிறபோது மா ஊறுகிற தொட்டியில் இருந்து வருகிற அதே மணம்.

முதல் மிடறு பேக்கரியில் சுடுகிற பாணின் கருகலான மேற்தோலைக் கடித்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் இனிப்பு, சீனி இனிப்பு இல்லை, சோற்றை நெடுநேரம் மென்றால் வருமே, அந்த இனிப்பு. விழுங்கிய பிறகுதான் கசப்பு வந்தது, வெந்தயம் மென்றால் நாக்கின் அடியில் நிற்கிற அளவுக்கு. நான் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"என்னடாப்பா, அழுறியோ?" என்றார் மாமா.

"இல்லை அண்ணை. இது பாண்."

"பாண்தான். குடிக்கிற பாண். அந்த ஊரிலை கிழவங்கள் இதை விடிய ஒன்பது மணிக்குக் குடிச்சுப்போட்டு உழப் போவாங்கள்."

அன்றைக்குத் தொடங்கிச் சனிக்கிழமைப் பின்னேரங்களில், நீங்கள் இருவரும் தமிழ்ப் பாடசாலையில் இருக்கிற நேரத்தில், ஆளுக்கு ஒரு போத்தல் என்று எங்கள் வீட்டு மேசையில் குடிப்போம். ஒன்றுக்கு மேல் இல்லை. மாமாவின் கோப்பைக்குத் தகர மூடி உண்டு, அதன் பிணைச்சல் உடைந்து ஒரு பக்கம் தொங்கும். அதில் வேறு ஒருவரும் வாய் வைக்கக்கூடாது. ஒருநாள் கதைத்துக்கொண்டு இருக்கையில் தவறுதலாக அதில் ஒரு மிடறு குடித்துவிட்டேன். ஒரு மாதம் முழுக்க, மின்தூக்கியில் சந்தித்தாலும் கடைத்தொகுதியில் சந்தித்தாலும், "கள்ளா" என்றுதான் என்னைக் கூப்பிட்டார். வெள்ளைக்காரர் நடுவிலும் அப்படித்தான் கத்துவார்.

நான் சொல்ல வந்தது நடந்து எட்டு வருடம். அந்த ஓகஸ்டில் அவர் ஜேர்மனியில் இருந்து வந்து முதல் போத்தலை எங்கள் மேசையில் வைத்தார். கையைத் தூக்கினார். எல்லாரும் மூச்சை அடக்கினோம். கம்பியைத் தள்ளினார்.

சத்தம் வரவில்லை.

பீங்கான் அடைப்பு ஒரு பக்கம் சரிந்து தொங்கியது, அவ்வளவுதான். மாமா வளையத்தைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மயிரிழை அளவு வெடிப்பு. "வளையம்தான்" என்றார். எழும்பிக் குசினித் தொட்டியில் ஊற்றினார். அடுத்த போத்தல் நன்றாகவே சத்தம் போட்டது. ஆனாலும் அவர் அன்று கதைத்தது குறைவு. போகும்போது கதவடியில் நின்று, "இத்தனை வருசத்திலை நான் கொண்டுவந்த பெட்டியிலை முதல் போத்தில் செத்து வந்ததில்லை" என்றார்.

செப்ரெம்பரில் மின்தூக்கி பழுதான ஒருநாள், களஞ்சிய அறையில் இருந்து நாலு போத்தலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தவர், இரண்டாம் மாடிப் படியில் குந்தி இருந்துவிட்டார். நான் இறங்கிப் போய்ப் பார்க்க, உதடு நீலமாக இருந்தது. அடுத்த மாதம் வைத்தியசாலையில் சொன்னார்கள், இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. நெஞ்சைத் திறந்து மாற்றவேண்டும். மாமா அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்ன விதத்தை நான் எந்தக் காலமும் மறக்கமாட்டேன். "வளையம் வெடிச்சுப் போச்சடா தம்பி" என்றார்.

நவெம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமைக்கு நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமையே வந்து படுக்கச் சொன்னார்கள். போகமுதல் களஞ்சிய அறைப் பூட்டின் திறப்பை என்னிடம் தந்தார்.

"கீழை மூண்டு போத்தில் இருக்கு. நீயும் இந்தியத் தம்பியும் சனிக்கிழமை ஆளுக்கொண்டு எடுங்கோ. ஒண்டை எனக்கு வையுங்கோ. வந்து குடிக்கிறன்."

வையுங்கோ என்றுதான் சொன்னார். திறக்கச் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்திருங்கள்.

இந்தியத் தம்பி என்று நாங்கள் சொன்னது தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு கணினிக்காரப் பொடியன். அப்போது எங்களுக்குப் பக்கத்துக் கட்டடம், இப்போது லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிவிட்டார். கலகலப்பான ஆள். கலங்கல் பியரை முதல்முதல் பார்த்தபோது, "அண்ணே, இது பீரா, நேத்து வெச்ச ரசமா?" என்று கேட்டு மாமாவிடம் பேச்சு வாங்கியவர்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. பள்ளத்தாக்கில் இருந்து பனிப்புகார் ஏறி வந்து யன்னலில் நின்றது, எதிர்க் கட்டடம் தெரியவில்லை. அம்மா உங்களைக் கூட்டிவரப் போயிருந்தா. நான் பாரை மீன் பொரித்து, முட்டை அவித்து வைத்திருந்தேன். தம்பி முட்டைகளை இரண்டாக வெட்டி மிளகு தூவினார். எங்கள் இரண்டு போத்தல்களையும் திறந்தோம். நல்ல சத்தம். குடித்தோம். அன்றைக்கு அது என்ன ருசியாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மூன்று மாதம் நின்றதில் கசப்பு இறங்கி, பாண் வாசம் மேலே வந்திருந்தது. ஒரு மிடறு, ஒரு துண்டு மீன். ஒரு மிடறு, பாதி முட்டை. எனக்கு உள்ளே சூடு பரவி, மாமா இல்லாதது பெரிய குறையாகப்பட்டது.

"அண்ணே, அவரு இல்லாம மேசையே காலியா இருக்குல்ல" என்றார் தம்பி.

எனக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அவருடைய மூடி தொங்குகிற கற்கோப்பையை எடுத்து அலசினேன். அவருக்கு வைக்கச் சொன்ன மூன்றாவது போத்தலைத் திறந்து, அவர் செய்கிற மாதிரியே சரித்து ஊற்றி, அடியைச் சுழற்றிக் கலக்கி, அவருடைய கதிரைக்கு முன்னால் வைத்தேன். ஒரு தட்டில் முழு மீன் ஒன்றும் முட்டையும் வைத்தேன். வைத்தியர் நிறுத்தச் சொன்ன நாளில் இருந்து அவருடைய சின்னச் சுருட்டுப் பெட்டி எங்கள் வீட்டில்தான் கிடந்தது. பகிடிக்கு அதில் ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் சாத்தினேன். மேசை இருட்டாக இருந்தபடியால் நடுவில் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியை அந்தப் பக்கம் நகர்த்தினேன். படம் எடுத்தேன். "அண்ணை, உங்கட பங்கு உங்களைப் பாத்துக்கொண்டிருக்கு" என்று எழுதி அனுப்பினேன்.

நல்ல மனதோடுதான் செய்தேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தம்பி சிகரெட் பிடிக்க பல்கனிக்குப் போக, நானும் போனேன். வீட்டுக்குள் குளிர் வராமல் இருக்க, வெளியே வந்து கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினேன். பத்து நிமிடம் நின்று கதைத்தோம். அப்போது உள்ளே அம்மா வந்து நிற்பது கண்ணாடியால் தெரிந்தது. கையில் பாற்பெட்டிகள் நிறைந்த பை. அவ என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி நின்றா. அண்ணன் வந்த கையோடு தட்டில் இருந்த முட்டைக்குக் கை நீட்டினான். அம்மா அவன் கையில் பட்டென்று அடித்தா. மகனே, அம்மா உன்னை அடித்தது அந்த ஒருநாள்தான். உனக்கு அது ஞாபகம் இருக்கும், காரணம் தெரிந்திருக்காது.

நான் கதவைத் திறந்தேன்.

"என்னப்பா இது?" என்றா அம்மா. குரல் அடித்தொண்டையில் இருந்து வந்தது. "ஆருக்குப் படைச்சு வைச்சிருக்கிறியள்?"

அப்போதுதான் எனக்கும் கண் தெரிந்தது.

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் எட்டாம் நாள் எட்டுச் செலவு என்று ஒன்று செய்வோம். செத்தவர் விரும்பித் தின்றது, குடித்தது, புகைத்தது எல்லாம் வாங்கி, அவருக்கென்று ஓர் இடத்தில் வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எல்லாரும் வெளியே நிற்போம். வந்து ருசி பார்த்துப் போவார் என்று நம்பிக்கை. பிறகு கதவைத் திறந்து, அந்தச் சாப்பாட்டை வீட்டார் பகிர்ந்து சாப்பிடுவோம். உங்கள் அம்மப்பா ஊரில் இறந்தபோது, போக முடியாமல், அவருடைய எட்டை நாங்கள் இந்த வீட்டில், இதே மேசையில்தான் செய்தோம். சாராயமும் பொரித்த மீனும் அவித்த முட்டையும் சுருட்டும் வைத்தோம். அம்மாதான் கதவைச் சாத்தினா.

உயிரோடு இருக்கிற ஒரு மனிதனுக்கு, நெஞ்சைத் திறக்க இரண்டு நாள் இருக்கிறபோது, நான் எட்டுப் படைத்துவிட்டேன். அதைப் படமும் எடுத்து அவருக்கே அனுப்பியிருந்தேன்.

"அழியுங்கோ. கெதியா அழியுங்கோ" என்றா அம்மா. தொலைபேசியை எடுத்தேன். படத்துக்குக் கீழே இரண்டு நீலச் சரிக் குறி. பார்த்துவிட்டார். பதில் இல்லை.

தம்பி ஒன்றும் விளங்காமல் நின்று, விளங்கியதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "சாரிக்கா" என்று போய்விட்டார். தட்டில் இருந்ததை அம்மா குப்பையில் போட்டா. கோப்பையைத் தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை. ஊற்றினால் அவருடைய பங்கை எறிந்த மாதிரி. குடித்தால் படையல் முடிந்த மாதிரி. மெழுகுதிரியை அணைத்துவிட்டு அந்த அறைக் கதவைச் சாத்தினோம். நீங்கள் அந்த இரண்டு நாளும் குசினியில் இருந்து சாப்பிட்டீர்கள். அந்த அறைத் தொலைக்காட்சி பழுது என்று சொன்னோம்.

ஞாயிறு பின்னேரம் வைத்தியசாலைக்குப் போனேன். நடைபாதையில் மாமி இருந்தா. "உள்ளை போங்கோ, உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றா. படத்தைப் பற்றி அவவுக்குத் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு தாதி வந்து, நீங்கள் சகோதரனா என்று நோர்வே மொழியில் கேட்டா. ஓம் என்றேன்.

மாமா தலையணையில் சாய்ந்திருந்தார். நெஞ்சு மயிரை மழித்திருந்தார்கள்.

"வாங்கோ ஐயரே" என்றார். "எட்டு முடிஞ்சோ?"

நான் கட்டில் காலடியில் நின்றுவிட்டேன்.

"இருடா. முகத்தைப் பார். ஆர் செத்தது, நீயோ நானோ?"

"அண்ணை, நான் அப்பிடி நினைச்சுச் செய்யேல்லை."

"தெரியும். நினைச்சுச் செய்திருந்தா வாழையிலை தேடி அலைஞ்சிருப்பாய்." சிரிக்கப் பார்த்தார், மூச்சு விடவில்லை. "முட்டையை ஏன்ரா ரெண்டா வெட்டினனீ? படைக்கேக்கை முழுசா வைக்கவேணும்."

"இந்தியத் தம்பி வெட்டினவர்."

"அதுதானே பாத்தன்."

பக்கத்தில் இயந்திரம் அவருடைய இதயத்தை ஒரு பச்சைக் கோடாக வரைந்துகொண்டு இருந்தது. பிறகு என் கையைப் பிடித்தார். பகிடிக் குரல் போய்விட்டது.

"என்ரை போத்தில். திறக்கேக்கை சத்தம் கேட்டதோ?"

"ஓம் அண்ணை. நல்லாக் கேட்டது."

என்னைப் பார்த்தபடியே இருந்தார். மூன்று வருடம் வளையம் மாற்றிய மனிதனுக்குப் பொய் சொல்ல முடியாது.

"கவனிக்கேல்லை அண்ணை" என்றேன். "அந்த நேரம் நாங்கள் கதைச்சுச் சிரிச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

கையை விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"கோப்பை?"

"அப்பிடியே இருக்கு. ஒருத்தரும் தொடேல்லை."

"தொடாதையுங்கோ" என்றார். பிறகு, "நாளைக்கு விடிய ஏழு மணிக்குக் கொண்டுபோகினம்" என்றார். நான் போட்டு வாறன் என்றபோது திரும்பவில்லை.

திங்கட்கிழமை எனக்குக் காலை வேலை. ஏழு மணிக்கு நான் மாவை நிறுத்து வெட்டிக்கொண்டு நின்றேன். அன்று உப்புப் போட மறந்து ஒரு தொட்டி மாவை வீணாக்கினேன். இருபது வருடத்தில் முதல் தடவை. வீட்டுக்கு வந்தபோது ஒருவரும் இல்லை, நீங்கள் பாடசாலை, அம்மா வேலை. மற்றச் சப்பாத்தைக் கழற்ற முதலே தொலைபேசி அடித்தது. மாமி.

"தம்பி, முடிச்சுக் கொண்டுவந்து விட்டவை. இப்ப ரத்தம் நிக்குதில்லையாம். திரும்பத் திறக்கினம்." சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

நான் நடைபாதையில் ஒரு சப்பாத்தோடு நின்றேன். பிறகு போய் அந்த அறைக் கதவைத் திறந்தேன்.

சாத்திவைத்த அறை, புளித்த மா மணம். கோப்பைக்குள் நுரை இல்லை. உள்விளிம்பில் பழுப்பாக ஒரு வளையம் காய்ந்திருந்தது. பியர் கொஞ்சமும் அசையாமல் இருந்தது. கதிரை மேசையில் இருந்து கொஞ்சம் விலகி, ஒருவர் எழும்பிப் போனமாதிரி நின்றது. நான் விலக்கியிருப்பேன், அல்லது அம்மா. தெரியாது.

ஊற்றுவதா, குடிப்பதா என்று இரண்டு நாளாக நினைத்தது அப்போதும் வந்தது. அதோடு, ஒரு மாதம் அவர் என்னைக் கள்ளன் என்று கத்தித் திரிந்ததும் ஞாபகம் வந்தது. செத்தவருக்கு வைத்ததைக் குடித்தால் அது பங்கு. ஒருவரும் கள்ளன் என்று சொல்லமாட்டார்கள். உயிரோடு இருக்கிறவனிடம்தான் களவெடுக்கலாம்.

அவருடைய கதிரையை இழுத்து அதில் இருந்தேன். மூடியைத் தூக்கிப் பிடித்து, அவருடைய கோப்பையில் வாய் வைத்தேன். சூடும் இல்லை, குளிரும் இல்லை. காற்று முழுக்கப் போய், புளிப்பு ஏறி, வாய்க்குள் கனமாக நின்றது. குமட்டியது. விழுங்கிய பிறகு, எங்கோ அடியில், அந்தக் கருகல் பாண் ருசி இன்னும் இருந்தது. மூச்சு விடாமல் குடித்தேன். அடியில் கிடந்த ஈஸ்டையும் சுழற்றிக் குடித்தேன். பிறகு தொலைபேசியை எடுத்து எழுதினேன்: "உங்கட பியரை நான் குடிச்சிட்டன். கேக்காமல் குடிச்சனான். வந்து சண்டை பிடியுங்கோ."

ஒரு சரிக் குறி. சாம்பல் நிறம். அவருடைய தொலைபேசி எங்கோ ஓர் அலுமாரிக்குள் அணைந்து கிடந்திருக்கும்.

அந்த ஒரு குறியை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. செவ்வாய், மருந்தில் தூங்க வைத்திருக்கிறார்கள் என்றா மாமி. புதனும் அப்படியே. வியாழன், சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்றா. கோப்பையை நான் கழுவவில்லை. கழுவி வைக்க எனக்குப் பயமாக இருந்தது. அம்மா அதைக் கண்டா, வெறுமையாக இருப்பதையும் கண்டா.

அடுத்த கிழமை புதன்கிழமை, நான் பேக்கரியில் சூளைக்கு முன்னால் நிற்கிறபோது தொலைபேசி நடுங்கியது. கையில் மா. முழங்கையால் தட்டிப் பார்த்தேன். அவரிடம் இருந்து ஒரே ஒரு சொல்.

"கள்ளா."

நான் மாச் சாக்கின் மேல் இருந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள்.

மாமா வீட்டுக்கு வந்தார். மெலிந்து, ஒரு பக்கத் தோளைத் தாழ்த்தி வந்தார். இன்றும் ஓகஸ்டில் மாமியோடு போகிறார், மாமிதான் ஓட்டுகிறா, பெட்டியும் வருகிறது. அவர் அரைக் கோப்பையோடு நிறுத்திவிடுவார். போத்தல் திறக்கிறபோது முந்தி மாதிரிக் கையைத் தூக்குவதில்லை. எங்களைக் கதைக்கச் சொல்லுவார், உரக்கக் கதைக்கச் சொல்லுவார், அந்த நடுவில் கம்பியைத் தள்ளுவார். படத்தைப் பற்றிய கதையை அவர் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் அதற்குப் பிறகு இரண்டு தொலைபேசி மாற்றிவிட்டார். இப்போதையதில் அந்தப் படம் இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

என்னுடையதில் இல்லை. அந்தப் புதன்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ஒருவரும் வரமுதல், கோப்பையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, காய்ந்த வளையத்தை நகத்தால் சுரண்டிக் கழுவினேன். துடைக்காமல் கவிழ்த்து வைத்தேன். பிறகு அவருடைய கதிரையில் இருந்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். மீன், முட்டை, சுருட்டு, மெழுகுதிரி, வெறுங்கதிரை. அழி என்று அழுத்தினேன். எல்லாருக்கும் அழிக்கிற காலம் தாண்டிவிட்டிருந்தது. எனக்கு மட்டும் அழிக்கலாம் என்று காட்டியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, எனக்கு மட்டும் அழித்தேன்.